ஓடைக்குப் போகாத தண்ணீர்

செப்டம்பர் 12, வெள்ளி

வறுப்புச் சட்டியின் கீழ் இன்று காலை நீலச் சுவாலை எரிந்தது. சுற்றி நின்றவர்களில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியாது. அதனால் கைதட்டல் இல்லை. எனக்கு அது பழக்கம்தான்.

ஆத்தூருக்கு வெளியே இருக்கும் இந்த ஜவ்வரிசி ஆலை தொடங்கிய நாளிலிருந்து புளிய விறகைத் தின்று வந்தது. இனி தன் கழிவையே எரித்துக்கொள்ளும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டால், மேலே நிற்கும் தண்ணீர் புளித்துப் போகும். இதுவரை அது பின்பக்கத்து ஓடைக்குப் போனது. இப்போது மூடிய கலனுக்குள் போகிறது. உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் அதைத் தின்று வாயுவைத் தருகின்றன. வாயு ஜவ்வரிசியை வறுக்கிறது. கூரைத் தகடுகள் வெயிலைப் பிடித்துக் காற்றைச் சூடாக்கி உலர்த்தும் அறைக்கு அனுப்புகின்றன. அந்த அறையை விட்டு வெளியேறும் ஈரக் காற்றையும் நான் சும்மா விடவில்லை. அதன் சூட்டைக் குழாயில் பிடித்துக் கலனைச் சுற்றி ஓட்டி, நுண்ணுயிரிகளுக்குக் குளிராமல் பார்த்துக்கொள்கிறேன். வெயில் குறைந்தால் வாயு கைகொடுக்கும், வாயு குறைந்தால் வெயில். கலனிலிருந்து தெளிந்து வரும் நீர் கிழங்கு கழுவத் திரும்புகிறது; மிச்சம் ஆலைத் தென்னைகளுக்கு.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக எல்லா ஊரிலும் உண்டு. சேர்த்து முடிச்சுப் போட்டவன் நான்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு ஆராய்ச்சி நிலையத்தில் இதே படத்தைச் சுவரில் மாட்டி விளக்கினேன். "கல்யாணப் பந்தி மாதிரி எல்லாத்தையும் ஒரே எலைல வெக்கிறீங்களே, டாக்டர் சிகாமணி" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த புருஷோத்தமன் சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது சிரிப்பைவிட மோசம். அடுத்த வருடம் என் படத்திலிருந்து வாயுக் கலனை மட்டும் எடுத்து ராசிபுரத்தில் ஓர் ஆலைக்குக் கட்டிக் கொடுத்தான். பதவி உயர்வு அவனுக்கு வந்தது. நான் வேலையை விட்டு வந்தேன்.

முதலாளி செங்கோடன் சுவாலையைக் குனிந்து பார்த்தார். "எரியுது" என்றார். "மழ வரட்டுங்க டாக்டரே. அப்புறம் பேசிக்கலாம்."

அவருக்கு நவம்பர் 28 கெடு. அதற்குள் ஓடைக்குக் கழிவுநீர் போவது நிற்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து ஆலையை மூடுவதாக அதிகாரிகள் கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆலை மூடினால் அவர் வேறு தொழில் பார்ப்பார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தப் படத்தை இன்னொரு முறை கட்டிப் பார்க்க யாரும் இடம் தரப்போவதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

களத்தில் ஜவ்வரிசி காயப்போடும் பெண்களுக்கு மேஸ்திரி பொன்னுருவி. காலால் துழாவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க டாக்டரு, பொட்டிதான் வந்துருச்சே. நாங்க என்ன பண்றது? பொட்டிக்கு மாலயப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிரவா?"

உலர்த்தும் அறையை அவர்கள் பொட்டி என்கிறார்கள். நான் நின்று விளக்கினேன். முதல் ஈரத்தை வெயில் இலவசமாக எடுத்துவிடுகிறது. கடைசி ஈரம்தான் போக மறுக்கும், அதற்குத்தான் பெட்டி. காலையில் களம், மதியத்துக்கு மேல் பெட்டி. வெயில் சும்மா செய்கிற வேலையை இயந்திரத்துக்குக் கொடுப்பவன் படித்த முட்டாள். அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"களமும் என் படத்துல ஒரு உறுப்பும்மா. நீங்க இல்லன்னா பெட்டி பாதி வேலதான் செய்யும்."

"அப்ப எங்களயும் கொழாய்ல மாட்டிட்டீங்க."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கலாம். கலனைக் காட்டி, "அது பேரு என்னுங்க?" என்றாள். சொன்னேன். "எல்லாத்தயும் முழுங்குது, காத்து விடுது. அது வயிறுங்க" என்றாள். திருத்தினேன். அதற்குள் பெயர் பரவிவிட்டது.

மாலையில் கடைசி வாய்க்காலையும் கலனோடு சேர்த்தேன். தொட்டி கழுவும் தண்ணீர் மட்டும் தனியாக ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றால் ஒரு சொட்டும்தான். படத்தில் இப்போது எங்கும் அறுந்த கோடு இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. ஆலை விடுமுறை; வழக்கம்போலச் சுத்தம் செய்பவர்கள் மட்டும் போயிருப்பார்கள். தமயந்தி காக்கைக்குச் சோறு வைத்தாள். காக்கை வரவில்லை.

"மாமா கோவத்துல இருக்காரு போலிருக்கு" என்றாள். "உங்க வீட்டு ஆளுங்களுக்கு மேல போனாலும் அது போகாது."

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதில் சொல்ல இடம் வைக்காமல் பேசுவாள். அடுக்களைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

செப்டம்பர் 24, புதன்

வாயு குறைகிறது. வாயுமானியை விற்ற கோயம்புத்தூர்க்காரன் மீது சந்தேகம். போனில் கடுமையாகப் பேசினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வாயு தானாகவே ஏறிவிட்டது. கோயம்புத்தூர்க்காரன் வருத்தம் தெரிவித்துப் புது மானி அனுப்பியிருக்கிறான். பழையதும் புதியதும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை வந்தது.

இரண்டு நாளாக ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு களமும் உலரவில்லை. சாலை நெடுக ஆலைகளில் நீலத் தார்ப்பாய் விரித்துக் கிடக்கிறது. அதன் கீழே ஜவ்வரிசி வியர்த்து, ஒட்டி, மஞ்சளடித்துக்கொண்டிருக்கிறது. நாற்றம் சாலை வரை வருகிறது. எங்கள் ஆலையில் மட்டும் புகைபோக்கியில் புகை இல்லை, உள்ளே சத்தம் உண்டு. தகடுகளுக்கு வெயில் இல்லாததால் வாயு முழுதும் பெட்டிக்குத் திரும்பியது. நான் எழுதி வைத்திருந்தபடியே, எழுதி வைத்திருந்த வரிசையிலேயே.

மதியம் முதல் தட்டு வெளியே வந்தது. செங்கோடன் ஒரு முத்தை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்'கென்று உடைந்தது. காய்ந்த ஜவ்வரிசி அப்படித்தான் உடையும்; காயாதது பல்லில் ஒட்டும். இன்னொன்றைக் கடித்தார். பிறகு ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"பக்கத்து ஆலக்காரன் டீக்கடைல உக்காந்திருப்பான். அவன் முன்னால கடிக்கணும்."

அவர் என்னைப் பாராட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். குடையை விரித்தவர் திரும்பி நின்றார். "அவரு சரியாத்தான் சொன்னாரு. ராசிபுரத்துல கலன் கட்டினாரே, அவருகிட்டத்தான் மொதல்ல போனனுங்க. 'எனக்கு அது மட்டுந்தான் தெரியும். எல்லாத்தையும் சேத்துக் கட்டணும்னா ஒரே ஆளுதான் இருக்காரு'ன்னு உங்க பேரச் சொன்னாரு."

யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கட்டியவர்கள் பலர் இருக்கலாம்.

மழையில் நனைந்துகொண்டே ஆலையை ஒருமுறை சுற்றி வந்தேன். ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் எந்த அளவு சூடாக இருக்க வேண்டுமோ அந்த அளவு சூடாக இருந்தன. இயக்குநர் ஓய்வு பெற்று மதுரையில் இருப்பதாகக் கேள்வி. மதுரையிலும் மழைதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆலைக்கு மூன்று நாள் விடுமுறை. மைத்துனர் வந்து என் வேலையைப் பற்றி விசாரித்தார். "இன்னும் அந்த மாவு மில்லுதானா மாப்ள?" அடுத்த தீபாவளிக்கு இவரை நினைவில் வைத்திருப்பேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சுவாலை இல்லை.

நேற்று மாலை மஞ்சளாக ஆடியது. இன்று காலை பற்ற வைத்தவன் கையில் தீக்குச்சிதான் எரிந்தது. கலனைத் திறந்து பார்த்தேன். பி.எச். 5.1. அழுகிய முட்டை வாடை போய், புளித்த மோர் வாடை அடித்தது. நுண்ணுயிரிகள் செத்துவிட்டன, செத்தவற்றின் மேல் புது அமிலம் நிற்கிறது. பெட்டி பாதிச் சூட்டில் ஓடுகிறது. விறகு லாரி வந்து நிற்கிறது. செங்கோடன் லாரிக்காரனிடம் மட்டும், "ஓரமா எறக்கு. டாக்டரு கண்ணுல படாம" என்றார். என் காதில் படும்படி.

யாரோ கெடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஆலைக்காரன் முன்னால்தான் செங்கோடன் டீக்கடையில் முத்தைக் கடித்துக் காட்டினார். ராசிபுரத்திலும் ஆட்கள் உண்டு. எல்லாவற்றையும் யோசித்தேன்.

அக்டோபர் 25, சனி

யாரும் கெடுக்கவில்லை.

கலனில் தொடங்கிப் பின்னோக்கி, வாய்க்கால் வாய்க்காலாக நடந்தேன். எல்லா வாய்க்காலிலும் பாசி பச்சையாக இருந்தது. தொட்டி கழுவும் வாய்க்காலில் மட்டும் பாசி வெள்ளை. தலை நரைத்த மாதிரி, ஓரம் முழுதும்.

பொன்னுருவியைக் கூப்பிட்டு, தொட்டியை எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

"பிளீச்சிங் பவுடருங்க. அமாவாசைக்கு அமாவாசை வெளுக்கறதுதான. எங்க மாமியா தொட்டி கழுவுனப்ப இருந்தே அப்புடித்தான். போன அமாவாசைக்குப் பாதித் தொட்டிதான் கழுவுனோம். இப்பத் தீவாளியும் அமாவாசையும் சேந்து வந்துச்சா, மூணு நாளு லீவு வேற. எல்லாத் தொட்டியும் பல்லு வெளக்குன மாதிரி ஆக்கிட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அது ஓடைக்குப் போற தண்ணியாச்சேங்க. அதுக்கு எதுக்குங்க டாக்டரு?"

அது ஓடைக்குப் போகவில்லை. செப்டம்பர் 15 முதல் கலனுக்குள்தான் போகிறது. மாவு புளிக்காமல் இருக்கக் கிருமியைக் கொல்லும் பவுடர், கலனிலும் தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. போன மாதம் கோயம்புத்தூர்க்காரனின் மானியும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். தகவல் குறைபாடு. வாய்க்காலைச் சேர்க்கும் முன் அதில் என்ன ஓடுகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அந்த யாராவது என்பது யார் என்று தமயந்தி கேட்டாள். நான் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

செங்கோடன் அறையில் பேச்சு.

"சாணி போட்டா வராதுங்களா?"

"வரும். ஆனா ரெண்டு மாசம் ஆகும். மரவள்ளித் தண்ணியத் தின்னு பழகுன உயிர் வேணும். ஓடிட்டிருக்கற வேற கலனோட அடிச்சேறு ஒரு லாரி இருந்தா, ரெண்டு வாரத்துல தூக்கிரலாம்."

"எங்கிருக்கு?"

"தேடணும்."

"ராசிபுரத்துல இருக்குதுங்களே. உங்களுக்குத் தெரிஞ்சவரு கட்டினது."

சுண்ணாம்பு போட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கழிவுநீரைப் பின்பக்கப் பள்ளத்தில் தேக்கி வைத்திருக்கிறோம். மழை நின்றபாடில்லை. பள்ளம் நிரம்பினால் ஓடைக்குத்தான் வழியும். கெடுவுக்கு முன்பே கதை முடிந்துவிடும்.

"டாக்டரே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அண்ணங்கூட நான் பதினோரு வருசம் பேசல. வரப்புத் தகராறு. அப்புறம் அவரு செத்துட்டாரு. வரப்பு அங்கேயேதான் இருக்குது."

"இது வரப்பு இல்லீங்க" என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

"போன் பண்ணுங்க" என்றாள் தமயந்தி.

"எந்த முகத்தோட?"

"இருக்கற முகத்தோடதான். போன்ல முகம் தெரியாது."

"அவன் படத்த எடுத்தவன்."

"ஒரு மூலைய எடுத்தாரு. முழுசையும் எடுத்திருந்தா நீங்க இன்னிக்கு எதக் கட்டுவீங்க?"

கணக்கு ஆசிரியைகள் எல்லாவற்றையும் கழித்துப் பார்ப்பார்கள். என்ன மிச்சம் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். எனக்கு எதை எடுத்தார்கள் என்பது முக்கியம். இதை அவளிடம் சொன்னேன். "நல்லாருக்கு, எழுதி வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். கையில் துணி இல்லை, போன் இருந்தது. மழைநாளில் மாடியில் துணியே காயப்போடுவதில்லை என்பது பிறகுதான் தோன்றியது.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் ஒரு டேங்கர் லாரி ராசிபுரத்திலிருந்து வந்து நின்றது. நிறைய அடிச்சேறு. யார் ஏற்பாடு செய்தது என்று நான் கேட்கவில்லை.

லாரியின் முன் இருக்கையிலிருந்து புருஷோத்தமன் இறங்கினான். தலை முழுதும் வெளுத்துவிட்டது. அந்த வாய்க்கால் பாசிதான் நினைவுக்கு வந்தது.

"சிகா."

"வா."

சேற்றைக் கலனில் இறக்கும்வரை இருவரும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பாக, கெட்டியாக, நல்ல முட்டை நாற்றத்தோடு இறங்கியது. உயிருள்ள சேறு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பிறகு ஆலையைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டான். தவறாகப் புரிந்துகொண்டு எங்காவது போய்ப் பேசிவிடுவான் என்பதால் நானே கூட நடந்து விளக்கினேன். மதியச் சாப்பாடு ஆறிவிட்டது. கலனைச் சுற்றி ஓடும் குழாய் அருகே நின்றான்.

"பெட்டிக் காத்தையா திருப்பி விட்டிருக்க?"

"பாத்தா தெரியல?"

"பதிமூணு வருஷமா, சிகா, மார்கழி வந்தா அந்தக் கலன்ல எனக்கு வாயு பாதியாயிடுது. ராசிபுரத்துக்காரர் ஒவ்வொரு தடவையும் கேப்பார். குளிருங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன்." குழாய் மேல் கை வைத்தான். பெட்டி பாதிச் சூட்டில்தான் ஓடியது, ஆனாலும் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்கவே இல்லை. "இது உன் படத்துலயே இருந்துச்சு. வலது பக்கம், கீழே. எனக்கு அப்பப் புரியல."

"உனக்கு மட்டுமா."

"அன்னிக்கு அந்த மீட்டிங்ல நான் ஏதாவது சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றேன்.

அவன் குழாயையே தடவிக்கொண்டிருந்தான். நான் உதவவில்லை. தமயந்தி தூக்குப்போசியில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். அவனுக்குச் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். அவனுக்குச் சர்க்கரை நோய் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் நாலு கரண்டி போட்டுக் குடிப்பான்.

நவம்பர் 5, புதன்

சுண்ணாம்பு. கொஞ்சமாகக் கழிவுநீர். பி.எச். 6.3. பொறுமை எனக்கு இயல்பாக வருவதில்லை. ஆனால் வேலையில் வரும்.

நவம்பர் 9, ஞாயிறு

குமிழ்.

நவம்பர் 10, திங்கள்

நிறையக் குமிழ். பொன்னுருவி வந்து கலனில் காதை வைத்துக் கேட்டாள். "பசிக்குதுங்க அதுக்கு. போடுங்க" என்றாள். கணக்குப்படி இன்று கூட்டவேண்டிய நாள்தான். கூட்டினேன். இருவருக்கும் ஒரே முடிவு. என்னுடையதற்குக் காரணம் உண்டு.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் நீலம். நிதானமான, ஆடாத நீலம்.

கெட்டுப்போனது என்று மூன்று வாரம் முன்பு எல்லோரும் முடிவு கட்டிய ஒன்றை எரிய வைத்திருக்கிறேன். உடம்பில் ஒரு சோர்வும் இல்லை. பள்ளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலனுக்கு ஊட்டத் தொடங்கியிருக்கிறோம். கெடுவுக்குள் பள்ளம் காலியாகும்.

செங்கோடன் மிச்ச விறகை டீக்கடைக்காரருக்குக் கொடுத்து அனுப்பினார்.

நவம்பர் 17, திங்கள்

வியாழக்கிழமை அமாவாசை. எனக்கு இந்தப் பஞ்சாங்கம் இப்போது மனப்பாடம்.

பிளீச்சிங் பவுடர் கூடாது என்றேன். களத்துப் பெண்கள் கூடி நின்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்: தொட்டி வெளுக்காவிட்டால் அடுத்த மாவு புளிக்கும், புளித்தால் முத்து பழுப்படிக்கும், பழுப்படித்தால் யாரும் வாங்கமாட்டார்கள். வாய்க்காலைப் பிரித்து மீண்டும் ஓடைக்கே விட்டுவிடலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அறுந்த கோடு. முடியாது என்றேன்.

"அப்ப எதப் போட்டு வெளுக்கறதுங்க? உங்க டாக்டர் பட்டத்தப் போட்டா?" என்றாள் பொன்னுருவி.

வீட்டுக்கு வந்து படத்தை விரித்தேன். சாப்பிடும்போதுதான் பிடிபட்டது. ஆலை அமாவாசையன்று ஓடாது. ஆனால் வயிறு விடுமுறை எடுக்காது. அன்றும் வாயு வரும். வறுக்க ஆள் இல்லை, பெட்டி ஓடாது. கூரையில் வெயில் அடித்தால் அதுவும் வீண். போன அமாவாசைகளில் அந்த வாயுவைத் திறந்து விட்டுக் காற்றில் எரித்துவிட்டோம். ஆலை ஓய்வாக இருக்கும் அந்த ஒரே நாளில்தான் எங்களிடம் மிச்சச் சூடு இருக்கிறது. அதே நாளில்தான் தொட்டியும் கழுவுகிறோம்.

கொதிநீர். கிருமியையும் கொல்லும், கலனுக்குப் போகும்முன் ஆறியும் போகும். பிறகு எதையும் கொல்லாது.

இது பதினான்கு வருடத்துக்கு முந்தைய படத்தில் இல்லை. இன்று நான் வரைந்தேன். புதுக் கோடு.

நவம்பர் 20, வியாழன்

அமாவாசை. வாயுவில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆவியில் நின்று தேய்த்தார்கள். நான் தொட்டி ஓரத்தில் நின்றேன். விரதம் கெட்டுவிடும் என்று தமயந்தி சாப்பாடு கொடுத்தனுப்பவில்லை.

"கல்யாண வூடு மாதிரி இருக்குதுங்க" என்றாள் பொன்னுருவி. தொட்டியின் உள்சுவரைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தாள். "வாசமே இல்ல. வாசம் இல்லாம சுத்தமாச்சுன்னு எப்புடிங்க நம்பறது?"

"நாளைக்கு மாவப் பாத்து நம்பு."

நவம்பர் 22, சனி

மாவு வெள்ளை. புளிப்பு இல்லை. பொன்னுருவி மாவை எடுத்து மூக்கில் கோடு இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள். வாயு கொஞ்சமும் குறையவில்லை. இரண்டு மானியிலும்.

நவம்பர் 28, வெள்ளி

அதிகாரி வந்தார். இளம்பெண்; மழைக்கோட்டும் மாதிரி எடுக்கும் பாட்டில்களும். செங்கோடன் வெள்ளை வேட்டியில், நான் இஸ்திரி போட்ட சட்டையில். காலையில் மழை விட்டிருந்தது.

ஆலைக் கழிவுக் குழாய் ஓடையில் முடியும் இடத்துக்கு அழைத்துப் போனோம். குழாய் வாயில் குறுக்கே சிலந்தி வலை. அதில் மழைத்துளிகள் தொங்கின. உள்ளே எட்டிப் பார்த்தால் காய்ந்த சிமெண்ட். அவர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சார், மாதிரி எடுக்கணும்."

"தாராளமா எடுங்க" என்றேன்.

"எதை எடுக்கறது? தண்ணியே வரலயே."

"அந்தச் சிலந்திய வேணா புடிச்சுப் போட்டுக்குங்கம்மா" என்றார் செங்கோடன். "எங்க ஆலைல வளந்ததுதான்."

அதிகாரி சிரிக்கவில்லை. வேறு குழாய் எங்காவது மறைத்து வைத்திருக்கிறோமா என்று சுற்றுச்சுவர் முழுக்க நடந்து தேடினார். அவர் அப்படித் தேடியது எனக்குப் பிடித்தது. தேடாமல் போயிருந்தால் மனம் ஆறியிருக்காது. பள்ளத்தைப் பார்த்தார்: காலி. தென்னைகளுக்குப் போகும் நீரில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார். அது எடுக்கப்பட வேண்டிய நீர்தான், எங்கு வேண்டுமானாலும் சோதிக்கட்டும். பிறகு கலன், சட்டி, பெட்டி, கூரை, களம் எல்லாவற்றையும் கேட்டார். நான் சொன்னேன். குறித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, "இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்தது யார் சார்?" என்றார்.

செங்கோடன் என்னைக் கைகாட்டினார்.

ஓடைக்கான தாளில் 'வெளியேற்றம் இல்லை. மாதிரி எடுக்க இயலவில்லை' என்று எழுதினார். காலிப் பாட்டிலை மூடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆலை ஓடலாம்.

அவர் போனதும் மழை பிடித்துக்கொண்டது. சாலை நெடுகத் தார்ப்பாய்கள் விரிந்தன. எங்கள் பெட்டி ஓடியது. நான் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யார் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். இயக்குநரின் எண் என்னிடம் இல்லை. மைத்துனரின் எண் உண்டு. அவருக்குத் தீபாவளி வரை பொறுக்கலாம்.

ராசிபுரத்து ஆலைக்குப் போன் செய்தேன்.

"பாட்டில் காலி" என்றேன்.

"என்னது?"

விளக்கினேன். புருஷோத்தமன் சத்தமாகச் சிரித்தான். அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதை மறந்திருந்தேன். அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

"அங்கேயும் மழையா?"

"கொட்டுது. நேத்து வறுத்ததெல்லாம் அப்படியே கெடக்கு. களத்துல கால் வைக்க முடியல. நாளைக்குள்ள காயலன்னா மாட்டுக்குத்தான். எனக்குத்தான் உலர்த்தத் தெரியாதே, வாயு மட்டும்தான தெரியும்" என்றான். குத்திக் காட்டவில்லை. அப்படியே சொன்னான்.

"லாரில ஏத்து" என்றேன்.

"எங்க?"

"இங்கதான். எங்க பெட்டில எடம் இருக்கு."

"ரெண்டு லோடு வரும், சிகா. தாங்குமா?"

"நாலு அனுப்பு" என்றேன்.